மோட்டார் பெட்டிக்குள் ஒரு குக்கர் விசில்

மருங்காபுரிப் பக்கத்தில் என் மனைவியின் அண்ணனுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம் இருக்கிறது. ஒரு போர்வெல், முக்கால் ஏக்கர் மிளகாய், மழை மனது வைத்தால் கடலை. போன வருடம் பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். திருச்சியில் ஆபரேஷன் செய்து, உள்ளே பிளேட் வைத்து அனுப்பினார்கள். அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிப் போனோம். நாங்கள் உள்ளே நுழைந்தபோது மச்சான் கட்டிலில் உட்கார்ந்து யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு மச்சான் லைன்ல?" என்றேன்.

"மோட்டாரு" என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போர்வெல் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வழி முழுக்க வரப்பு. மும்முனை கரண்ட் எந்த நேரத்துக்கு வரும் என்று அந்த ஊரில் யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் பலரும் மோட்டார் கொட்டகையில் மொபைல் ஸ்டார்ட்டர் என்கிற பெட்டியை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு சிம் இருக்கும். போன் போட்டால் பெட்டி எடுத்துப் பேசும். கரண்ட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று தமிழில் சொல்லும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். காலில் பிளேட் வைத்திருப்பவருக்கு அதுதான் கால்.

ஆனால் வாங்கும்போது கம்பெனிக்காரர்கள் பதிந்து கொடுத்த எண்ணிலிருந்து கூப்பிட்டால்தான் அந்தப் பெட்டி பேச்சைக் கேட்கும். மச்சான் மோட்டாருக்கென்று தனியாக ஒரு சிம் வைத்திருந்தார். ஆஸ்பத்திரியும் படுக்கையுமாகக் கிடந்த மாதங்களில் அதை ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டார். எண் போய்விட்டது. பெட்டியை விற்ற மணப்பாறைக் கடையில் கேட்டதற்கு, "அந்த மாடலையே கம்பெனி நிறுத்திருச்சு, நம்பரெல்லாம் மாத்த முடியாது, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். மிளகாய் பூவெடுக்கும் நேரம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரக்கப்பட்டு ஒரு நாள் மோட்டார் போட்டுவிடுவார், மறுநாள் மறந்துவிடுவார். இப்படியே போனால் செடி மொத்தமும் காய்ந்துவிடும் என்று மச்சான் சொன்னார்.

"நீங்களே கேளுங்க மாப்பிள்ளை, எவ்வளவு திமிராப் பேசுதுன்னு" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

மணி அடித்தது. பெட்டி எடுத்தது. "இந்த எண்ணுக்கு அனுமதி இல்லை" என்றது ஒரு பெண் குரல், வகுப்பில் பேசிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி நிற்கவைக்கிற கண்டிப்போடு. அதன் பின்னால், சற்றுத் தள்ளி, விஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

காபி டம்ளரோடு நின்றிருந்த என் மனைவி சொன்னாள்: "என்னங்க, இது நம்ம குக்கர்."

பேசுவது தன் குரல் என்பது அவளுக்குக் குக்கருக்குப் பிறகு இரண்டாவதாகத்தான் தெரிந்தது. மச்சானுக்கு அதுவும் தெரியவில்லை. நாங்கள் விளக்கிச் சொன்ன பிறகு வாயைப் பிளந்துகொண்டு தங்கையைப் பார்த்தார். "எங்கேயோ கேட்ட குரலா இருக்கேன்னு நெனப்பேன். டிவியில செய்தி படிக்கிற பொம்பளைன்னு விட்டுட்டேன். அப்ப இத்தனை நாளா உன்னையா திட்டிக்கிட்டு இருந்தேன்?"

"அது ஒண்ணும் புதுசு இல்லையே" என்றாள் மனைவி.

அவள் குரல் அந்தப் பெட்டிக்குள் போனது பத்து வருடத்துக்கு முந்தைய கதை. நான் கம்ப்யூட்டர் நிரல் எழுதிப் பிழைப்பவன். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருப்பது நாலே வீடுகள் கொண்ட சிறிய அடுக்ககம். நாலு வீட்டுக்கும் சேர்த்து மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, கீழே ஒரு மோட்டார். மோட்டாரை யார் போடுவது, யார் நிறுத்துவது என்பதில் தினம் ஒரு சண்டை. தொட்டி நிரம்பி வழிந்தால் தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கி வரும். அடுத்த அரை மணி நேரத்துக்கு நாலு வீட்டுக் கதவும் திறந்தே இருக்கும். இந்த வழக்கைத் தீர்த்துவைக்க நான் ஒரு சின்னப் பெட்டி செய்தேன். போன் போட்டால் தொட்டியின் நிலவரத்தைச் சொல்ல வேண்டும், மோட்டாரைப் போட வேண்டும், நிறுத்த வேண்டும். பேசுவதற்கு ஒரு குரல் வேண்டுமே. என் குரல் எப்போதும் ஜலதோஷம் பிடித்தது போல இருக்கும். மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ச் சேருகிற குரல்.

அது மே மாதம். சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனை நிறுத்தினேன். தெருச் சத்தம் வரும் என்று ஜன்னலைச் சாத்தினேன். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே போர்வையைக் கட்டி, அதற்குள் அவளை உட்காரவைத்து, பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண்களையும், "மோட்டார் ஓடுகிறது", "தொட்டி நிரம்பிவிட்டது", "மின்சாரம் இல்லை" என்பது மாதிரி நாற்பது வாக்கியங்களையும் படிக்கச் சொன்னேன். இரண்டு நாள் வேர்த்து வழிந்துகொண்டே படித்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுக்குப் போன் போட்டு மோட்டாரை ஓட்டிவிடக் கூடாதே என்று கடைசியாகச் சேர்த்ததுதான் "இந்த எண்ணுக்கு அனுமதி இல்லை". அவள் அதைப் படித்து முடிக்கும்போது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. இன்னொரு தடவை படித்துவிடு என்றேன். "பருப்பு கரிஞ்சு போகும். இவ்வளவுதான் முடியும்" என்று போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நானும் அந்த விசிலை அழிக்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் இல்லை.

பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. வீட்டுச் சண்டை நின்றது. அதாவது, வேறு விஷயத்துக்கு மாறியது. நிரலையும் குரல் பதிவுகளையும் சேர்த்து இணையத்தில் கட்டற்ற மென்பொருளாகப் போட்டேன். கட்டற்றது என்றால் கேட்பாரற்றது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பெட்டியில் போட்டு விற்கவும் செய்யலாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை யார் கையில் கொடுக்கிறீர்களோ அவருக்கும் அதே உரிமை போய்ச் சேர வேண்டும். எழுதியவர்களின் பெயர் கூடவே போக வேண்டும். வாங்கியவர் கேட்டால், நீங்கள் செய்த மாற்றங்களோடு மூல நிரலைக் கொடுக்க வேண்டும். மூல நிரல் என்பது மனிதர்கள் படித்துத் திருத்தக்கூடிய வடிவம். அது கையில் இருந்தால் பெட்டியில் எண்ணை மாற்றுவது அரை மணி நேர வேலை. அது கிடைக்காததால்தான் மச்சான் கட்டிலில் உட்கார்ந்து மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த நிரல் என்னோடு நிற்கவில்லை. முகம் தெரியாத யார் யாரோ அதில் கை வைத்துச் செம்மைப்படுத்தினார்கள். ஒருவர் கன்னடத்தில் பேசவைத்தார். ஒருவர் மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்தார். கல்லூரிகளில் கூப்பிட்டால் போய் இதைப் பற்றியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுவேன். அதனால் அன்றைக்கு மச்சான் ஊரிலிருந்து திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ரத்தம் கொதித்தது.

"நம்ம வீட்டு மோட்டாருக்குப் பண்ணது இத்தனை பேர் தோட்டத்துல தண்ணி பாய்ச்சுதேன்னு சந்தோஷப்படாம" என்றாள் மனைவி.

"பாயட்டும். நிரலை ஏன் பூட்டி வெச்சான்? பெட்டி மேல எங்கயாவது என் பேர் இருக்கா?"

"உங்க பேர்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருச்சி வரும் வரை பேசவில்லை. வெயிலில் தலைவலி என்று நினைத்தேன்.

பெட்டியைச் செய்கிற கம்பெனி திருவெறும்பூர்ப் பக்கம் இருந்தது. மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது எழுதினேன், மூன்றாவது எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கட்டற்ற மென்பொருள் எழுதுகிற எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்லூரிகளில் நானே அதை உபதேசம் செய்திருக்கிறேன்: முதலில் தனியாகப் பேசுங்கள், நேரில் போங்கள், அவகாசம் கொடுங்கள், யாரையும் அவமானப்படுத்துவது நம் வேலை இல்லை, நிரல் வெளியே வருவதுதான் வேலை. சொல்லி முடித்ததும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். திருவெறும்பூர் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். நான் போகவில்லை. "திருட்டு" என்று தலைப்புப் போட்டு, கம்பெனியின் பெயர், பெட்டியின் படம், குக்கர் விசில் கேட்கும் ஒலிப்பதிவு எல்லாவற்றையும் சேர்த்து இணையத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். எழுதும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லாமல் மறைத்தால் இந்தக் கதையில் பாதி பொய்யாகிவிடும். அது பரவிய வேகத்தைப் பார்த்து அன்றைக்கு இரண்டு தடவை காபி குடித்தேன்.

மறுநாள் காலையில் ஒரு போன் வந்தது.

"சார், அந்தத் திருடன் பேசறேன்" என்றது எதிர்முனை.

கம்பெனி முதலாளி. கோபமாகக் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. "ஒரு தடவை நேர்ல வாங்க சார். வந்து பாருங்க. அப்புறம் என்ன வேணா எழுதுங்க" என்றார்.

போனேன். கம்பெனி என்று நான் எழுதியிருந்தது ஒரு தகர ஷெட். நீளமான மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பெண்கள் சர்க்யூட் பலகைகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக அவர்களுடைய சாப்பாட்டுத் தூக்குகள் வரிசையாக இருந்தன. முதலாளி என் வயதுக்காரர். முன்பு பெரிய தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலை குறைந்ததும் இந்தப் பெட்டிக்கு வந்திருக்கிறார். நிரல் எழுதிக் கொடுத்த இன்ஜினீயர் வேலையை விட்டுப் பெங்களூர் போய்விட்டாராம்.

"நெட்ல ஃப்ரீயாக் கெடச்சுதுன்னு சொன்னான் சார். ஃப்ரீன்னா ஃப்ரீதானேன்னு நெனச்சோம். உங்க மெயிலெல்லாம் எந்த ஐடிக்கு வந்துச்சுன்னே தெரியலை. அதை யாரும் திறக்கறதே இல்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "புதுக்கோட்டை டீலர் நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ஆர்டரை நிறுத்தி வெச்சிருக்காரு. இந்தப் பொம்பளைங்களுக்கு இதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

எனக்குக் கூசிப்போனது. ஒரு பஸ் ஏறி முன்னாலேயே வந்திருந்தால் இந்த ஷெட்டைப் பார்த்திருப்பேன். அந்தத் தலைப்பை எழுதியிருக்க மாட்டேன். அவர் முன்னாலேயே போனை எடுத்துக் கட்டுரையை நீக்கினேன். அவசரப்பட்டு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு வேறொன்று எழுதுகிறேன் என்றேன். புதுக்கோட்டை டீலரிடம் நானே பேசுவதாகவும் சொன்னேன். ஆனால் மூல நிரலை, பெட்டி வாங்கியவர்கள் எல்லோருக்கும் கிடைக்கும்படி வெளியே வைத்தே ஆக வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை என்றும் சொன்னேன்.

"வெச்சா நாளைக்கே பக்கத்து ஷெட்காரன் இதே பெட்டியைப் போட்டுருவானே சார்."

"போடட்டுமே. நீங்க என்னோடதை எடுத்துப் போட்டுக்கலையா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "சார், உங்க மச்சான் கஷ்டம்தானே இதுக்கெல்லாம் ஆரம்பம்? நாளைக்கே என் ஆளை அனுப்பிப் புதுப் பெட்டி ஒண்ணு மாட்டித் தரேன். அவர் காலும் சரியில்லைங்கறீங்க. விஷயத்தை இத்தோட விட்டுடலாம்."

நான் ஆடிப்போனது உண்மை. மிளகாய்ச் செடிகள் என் கண் முன்னால் நின்றன. கொள்கை பேசுகிற எனக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நிலம் இல்லை, அவருக்கு இருக்கிறது. அவரையே கேட்டுவிடுவோம் என்று வெளியே வந்து போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, இந்தப் பெட்டியை எங்க பக்கத்துல மொதல்ல வாங்கினது நான்தான். நான் சொல்லித்தான் எட்டு வீட்டுல வாங்கினாங்க. அதுல ரெண்டு பேருக்கு இதே மாதிரி நம்பர் போயி நிக்குது. நான் மட்டும் புதுசை மாட்டிக்கிட்டு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது? எல்லாருக்கும் ஆகற மாதிரி பாருங்க."

"அதுக்கு ரெண்டு வாரம் ஆகும் மச்சான். மொளகா?"

"கொடத்துல சுமந்தாவது ஊத்தச் சொல்றேன். சீக்கிரம் பாருங்க."

உள்ளே போய் அப்படியே சொன்னேன். முதலாளி பெருமூச்சு விட்டார். பிறகு மேஜைக் கோடியில் இருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். பெங்களூர் போனவருக்குப் பதிலாக வேலைக்கு வந்திருக்கும் இன்ஜினீயர், இருபத்தைந்து வயது இருக்கும். என் கட்டுரை வந்த அன்றே அந்தப் பெண் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருந்தார். நிரலை இரண்டு வாரத்தில் ஒழுங்குபடுத்தித் தந்துவிடலாம் என்றார். பழைய பெட்டிகளில் அதை ஏற்றுவதற்கு ஒரு சின்ன ஒயரும் செய்முறைத் தாளும் போதும், மணப்பாறையில் மோட்டார் வைண்டிங் செய்கிற கடைக்காரர்கூடச் செய்துவிடலாம் என்றார். நான் நினைத்ததைவிட எல்லாம் சுலபமாக முடிந்துகொண்டிருந்தது. அப்போது அந்தப் பெண் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், பெட்டி கூடக் குடுக்கற தாள்ல உரிமை உள்ளவங்க பேரெல்லாம் போடணும் இல்லையா? நிரல் எழுதினவங்க பேர் எல்லாம் எடுத்துட்டேன். குரல் யாரோடது? உங்க பட்டியல்ல தேடினேன், கெடைக்கலை. கடைசியில நன்றிங்கற எடத்துல, 'குரல் தந்து உதவிய என் மனைவிக்கு'ன்னு மட்டும் இருக்கு."

"ஆமா. என் மனைவிதான்."

"அவங்க பேர் இல்லையே சார். அவங்ககிட்ட எழுதி ஏதாவது வாங்கியிருக்கீங்களா? இல்லைன்னா குரலை நாங்க எப்படி வெளியில வைக்கறது?"

அவர் என்னை மடக்குவதற்காகக் கேட்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிற பெண், அவ்வளவுதான். நான் முதலாளியைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னடக் குரல் கொடுத்தவரின் பெயர் அதில் இருந்தது. மின்னழுத்தத்தைச் சரிசெய்தவரின் பெயர் இருந்தது. ஒரே ஒரு வரியைத் திருத்தியவரின் பெயர்கூட இருந்தது. அவர்களிடமெல்லாம் சம்மதம் கேட்டு எழுதி வாங்கிச் சேர்த்தவன் நான். இரண்டு நாள் ஃபேன் இல்லாமல் போர்வைக்குள் உட்கார்ந்து படித்தவள் பெயர் மட்டும் இல்லை.

"கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.

திருவெறும்பூரிலிருந்து சத்திரம் பஸ் நிலையம், அங்கிருந்து ஸ்ரீரங்கம் என்று பஸ் மாறி வீட்டுக்கு வரும் வரை, எப்படிக் கேட்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அடுக்கியதெல்லாம் கலைந்துபோய், நடந்ததை அப்படியே சொல்லி முடித்தேன். அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"அந்தப் பொண்ணுக்குத் தோணிச்சா?" என்றாள்.

"ம்."

"உங்களுக்கு இத்தனை வருஷமாத் தோணலை."

"நீ என் கூடவேதானே இருந்தே. நெட்ல போட்டிருக்கேன்னு உன்கிட்ட சொன்னேனே."

"போட்டிருக்கேன்னு சொன்னீங்க. போடட்டுமான்னு கேக்கலை. நம்ம வீட்டு மோட்டாருக்குன்னுதான் நான் படிச்சேன்." அடுத்த தாளை எடுத்தாள். "அந்த உரிமம்னு சொல்றீங்களே, அதைத் தமிழ்ல எழுதிக் குடுங்க. படிச்சுட்டுச் சொல்றேன். இன்னொண்ணு. அண்ணன் மொளகாயைக் காட்டி என்கிட்ட கையெழுத்து வாங்கப் பாக்காதீங்க."

அடுத்து நான் எடுக்க இருந்தது அந்த மிளகாயைத்தான். வாயை மூடிக்கொண்டேன்.

உரிமத்தைத் தமிழில் எழுதினேன். இத்தனை மேடைகளில் பேசியவன், என் மனைவிக்குப் புரியும்படி அதை எழுதுவதற்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது. அவள் பென்சிலோடு உட்கார்ந்து, கணக்கின் ஒவ்வொரு படியையும் சரிபார்ப்பது போல் படித்தாள். இரண்டாவது நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"யார் வேணும்னாலும் மாத்தலாம்னு இருக்கே. என் குரலை வெட்டி ஒட்டி வேற ஏதாவது பேச வைக்கலாமா?"

"உரிமப்படி பாத்தா, மாத்தலாம்."

"இப்ப கொஞ்சம் குரல் கெடைச்சாப் போதும், என்ன வேணா பேச வைக்கறாங்க. போன மாசம் பிள்ளைங்க எங்க ஹெட்மாஸ்டர் குரல்லயே லீவு விட்டு குரூப்ல போட்டுட்டாங்க. நான் பூஜ்யத்துலேர்ந்து நூறு வரைக்கும் வரிசையாப் படிச்சு வெச்சிருக்கேன்."

நான் அதை யோசித்ததே இல்லை. அந்தக் காலத்தில் அப்படியெல்லாம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

"சரி, நான் வேணாம்னு சொல்றேன்னு வைங்க. திரும்ப வாங்கிட முடியுமா?"

"நம்ம பக்கத்துலேர்ந்து எடுத்துடலாம். ஏற்கெனவே எடுத்துக்கிட்டவங்ககிட்டேர்ந்து வாங்க முடியாது. போனது போனதுதான்."

"அப்ப நீங்க என்கிட்ட சம்மதம் கேக்க வரலை. செஞ்சு முடிச்சதுக்குக் கையெழுத்துக் கேக்க வந்திருக்கீங்க."

திருவெறும்பூர்க்காரருக்குத் தெரியாது, அதனால் செய்தார். தெரிந்தவுடன் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னோடு பேசினார். எனக்கோ எல்லாம் தெரியும்; அதைச் சொல்லிக்கொடுக்கிறவனே நான்தான். "திருட்டு" என்று தலைப்பு எழுதிய அதே கைதான், பத்து வருடத்துக்கு முன்னால் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதியது. வீட்டில் இருப்பவளிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற நினைப்புத்தான். அந்த நினைப்பை நினைத்து எனக்கு அழுகை வந்தது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான். கேட்டிருக்கணும்" என்றேன். அவள் ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

அவள் மறுத்திருந்தால் நான் வேறு யாரையாவது படிக்கவைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதித்து, மணப்பாறைக்கு அனுப்பக் குறைந்தது இரண்டு மாதம் ஆகியிருக்கும். மிளகாய்க்கு அவ்வளவு நாள் இல்லை. அது அவளுக்கும் தெரியும். அண்ணனிடம் தினமும் போனில் பேசினாள். மிளகாயைப் பற்றிக் கேட்டாள், காலைப் பற்றிக் கேட்டாள், இதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

மூன்றாவது நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் தாளை என் மேஜை மேல் வைத்தாள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். எண்களும் மோட்டார் வாக்கியங்களும் இருக்கலாம். "அனுமதி இல்லை" இருக்கக் கூடாது, அதற்குப் பதிலாக அவளே வேறொன்று சொல்லித் தருவாள். கடைசியாக ஒன்று: "நன்றிப் பட்டியலில் வேண்டாம். உரிமைப் பட்டியலில் போடவும்." கீழே, வருகைப் பதிவேட்டில் போடுவது போல இனிஷியலோடு முழுக் கையெழுத்து.

"அப்படிப் போட்டா, இனிமே யார் மேல நடவடிக்கை எடுக்கணும்னாலும் உன் சம்மதமும் வேணுமே" என்றேன்.

"அதுக்குத்தான்" என்றாள்.

புதிய வாக்கியத்தை என்னிடம் படித்துக் காட்டவில்லை. பள்ளி விட்ட பிறகு, காலி வகுப்பறையில் உட்கார்ந்து, தன் போனில் தானே பதிந்து அனுப்பினாள், எனக்கல்ல, அந்த இன்ஜினீயர் பெண்ணுக்கு. இரண்டு பேரும் எப்போது பழக்கமானார்கள் என்று எனக்குத் தெரியாது. சொன்னபடி இரண்டு வாரத்தில் நிரல் வெளியே வந்தது. முதல் பெட்டியைத் திறக்க அந்தப் பெண்ணே மணப்பாறை வைண்டிங் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு மச்சானின் மோட்டார் கொட்டகைக்குப் போனார். அரை மணி நேர வேலை என்று நான் சொன்னது இருபது நிமிடத்தில் முடிந்தது. அதற்குள் மிளகாயில் கால் பங்கு கருகிவிட்டது. மீதி பிழைத்தது. ஒன்பது பெட்டிகளின் மூடிக்குள்ளும் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எண்ணை மாற்றுவது எப்படி என்பதும், பத்துப் பதினைந்து பெயர்களும் அதில் இருக்கின்றன. என் பெயர் இரண்டாவது.

புதுக்கோட்டை டீலர் நிறுத்தி வைத்த ஆர்டரை மறுபடியும் கொடுத்துவிட்டார். நான் இரண்டு தடவை பேச வேண்டியிருந்தது. சமீபத்தில் வேறொரு ஊரிலிருந்து வேறொரு பெட்டி, மறுபடியும் எங்கள் நிரல், மறுபடியும் பூட்டு. கொதித்துப்போய் நான் எழுதிய கடிதத்தில் மனைவி சிவப்புப் பேனாவால் பாதிக்கு மேல் அடித்துவிட்டு, "முதலில் போன் செய்யவும்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தாள். செய்தேன். அவர்கள் எடுத்தார்கள்.

மச்சானின் பெட்டியில் ஐந்து எண்கள் வரை பதியலாம். ஒன்று அவருடையது, ஒன்று தங்கைக்கு. அவள் சில நாள் சாயங்காலம் பால்கனியில் நின்று அந்த எண்ணைக் கூப்பிடுவாள். மோட்டாரைப் போட மாட்டாள், நிறுத்த மாட்டாள். கரண்ட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று தன் குரல் சொல்வதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். எதற்கு என்று கேட்டேன். "அது அங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்குன்னு பாக்க வேணாமா?" என்றாள்.

ஒரு நாள் ஆசையாக இருந்ததால் நானும் கூப்பிட்டேன். மணி அடித்தது. பெட்டி எடுத்தது. "இந்த எண் இன்னும் பதிவாகவில்லை. உரியவரிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் சேர்த்துக்கொள்ளலாம்" என்றது. குக்கர் விசில் இல்லை. நிதானமான குரல், கண்டிப்பு கொஞ்சமும் இல்லை.

மச்சானுக்குப் போன் போட்டு என் எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். "பெட்டிதான் மாப்பிள்ளை என்னோடது. குரல் அவளோடது. அவகிட்டயே கேட்டுக்குங்க" என்று சிரித்தார்.

கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நாலு மாதம் ஆகிறது; நான் இன்னும் மறுபடி கேட்கவில்லை.